வாசலில் கழற்றாத பூட்ஸ்

அன்பு மகள் டெரினாவுக்கு அப்பா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாய் சுகம், ஆடுகள் சுகம், என் சுகத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மாவோரி ஜனங்களே நடத்துகிற சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு என்னைக் கண்காணிக்கச் சொன்னது நீதான் என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.

ஏன் என்றால் அங்கிருந்து வைமாரி என்று ஒரு நர்ஸ் அடிக்கடி வருகிறாள், வந்தால் நோய் நொடி பற்றிப் பேச்சே இல்லை. எந்த ஊர், எந்தக் குலம், பாட்டன் யார் என்று துருவித் துருவிக் கேட்டேன், கடைசியில் உன் அம்மா வழியில் உறவாகவே வந்து நின்றாள், அதையும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உறவு என்று ஆனபின் டீ கொடுக்காமல் எப்படி அனுப்புவது? பொரித்த ரொட்டி கொண்டுவருகிறாள், விலாங்கு மீன் எந்த ஓடையில் அகப்படும் என்று கேட்கிறாள், கண் மட்டும் என் காலடியிலேயே இருக்கிறது. எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா, என்னை முதியோர் இல்லத்தில் தள்ளத்தான் நோட்டம் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

நேற்று கேட்டேவிட்டேன், உன்னை அனுப்பியது என் மகளா என்று. அவள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "யாரும் அனுப்பல மாமா. ஹேராம்மா சாவுக்கு நானும் நம்ம குலத்துப் பொதுக்கூடம் மராய்க்கு வந்திருந்தேன். எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுக் கூடத்துக்குள்ள போய் அவங்க பக்கத்துல உக்காந்தாங்க. கூடப் பொறந்த நீங்க மட்டும் பூட்ஸோட மழையில வெளிய நின்னீங்க. சிகரெட் பிடிக்கப் போறேன்னு சொன்னீங்களாம். சிகரெட்டை விட்டு எத்தனை வருஷமாச்சு?" என்றாள்.

உண்மைதான் மகளே, சர்க்கரையால் கால்விரலில் வந்த புண் ஆறவில்லை, பூட்ஸைக் கழற்றினால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் உன் அத்தையின் முகத்தைக்கூடக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. வைமாரி தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள், மூக்கைச் சுளிக்கவில்லை. கால் தப்பும், ஒரு விரல் போகும் என்றாள். நம் மண்ணுக்குப் போக வேண்டியதை ஆஸ்பத்திரிக்காரன் குப்பையில் போட்டுவிடுவானே என்று நான் வாய் திறப்பதற்குள், "விரலை நாமே கேட்டு வாங்கிட்டு வந்து ஹேராம்மா காலடியில புதைச்சிடலாம் மாமா" என்றாள். அதன் பிறகு சந்தேகப்பட எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் அந்த ரொட்டியில் சர்க்கரையே போடுவதில்லை, அது மட்டும் சதிதான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பயப்படாதே. குழந்தைக்குக் காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள். நம் முன்னோர் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். போன் போட்டது நீயில்லை என்று தெரிந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோதும் நான் வீட்டுக்குள் பூட்ஸோடுதான் நடந்தேன். அடுத்த தடவை வரும்போது மறக்காமல் என் காலைப் பார்.

இப்படிக்கு,
இன்று வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா ராவிரி