அரை டிக்கெட்

அன்புள்ள என்னங்க,

இங்கே நான், சின்னவள், அத்தை எல்லோரும் நலம். உங்கள் நலம் எப்படி என்று போனில் கேட்டால் ‘ம்’, ‘சரி’, ‘தூக்கம் வருது’ என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. இந்த வீட்டின் சுவர்களோ நான் பேசுவதை அடுத்த அறைக்கு ஒலிபரப்புகின்றன. அதனால்தான் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடுங்கள்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்ட வேண்டுமாம், தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். மாடித் தொட்டியின் ஒழுகலை அடைத்தாயிற்று. கண்ணாடிக் கடையில் புது லென்ஸ் மெஷின் வந்திருக்கிறது. முதலாளி அதைத் துடைப்பதோடு சரி, ஓட்டுவதெல்லாம் நான்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. ஆர்டர் போடும்போது முகவரியை அந்த நாட்டுக்கு மாற்ற மறந்துவிட்டீர்கள் போல. நான் வேலையில் இருந்தேன், அத்தை வாங்கிப் பிரித்துவிட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அந்தக் கண்ணாடிக் குழாயை முட்டியில் கவிழ்த்து வைத்து, பந்து மாதிரி இருக்கிற ரப்பரை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். “எம் புள்ள முட்டிவலிக்கு மிஷின் அனுப்பியிருக்காண்டி. என்னமா இழுக்குது பாரு!” என்று முகமெல்லாம் சிரிப்பு. முட்டியில் வட்டமாகச் சிவந்திருந்தது. துண்டுத்தாளில் இருந்த படத்தை நல்லவேளையாக அவர்கள் பார்க்கவில்லை. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, டாக்டரைக் கேட்காமல் இதெல்லாம் வைக்கக் கூடாது என்று குழாயையும் வாங்கி வைத்தேன். கூடவே ஒரு எண்ணெய்ப் புட்டி, ஒரு டப்பா மாத்திரை. அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, ஏனென்றே தெரியாமல், அழுகை வந்துவிட்டது.

இது எதற்கு என்று எனக்குத் தெரியும் என்பது இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. வெட்கப்படாதீர்கள். நானே ஒருவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் கடைக்குக் கண்ணாடி போட வருகிற ஒரு டாக்டர், சிறுநீரகம், ஆண்கள் சம்பந்தப்பட்ட நோய்கள் பார்ப்பவர். தோழியின் கணவர், அந்த இடம், பெரிசாக்க என்று இழுத்தேன். லென்ஸ் போடாத வெறும் ஃப்ரேமை மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆண்குறின்னே சொல்லுங்கம்மா. கண்ணு, காதுன்னு சொல்றோமில்ல?” என்றார். பிறகு தோழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனிதர் பெரிய மனிதர்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எண்ணெய் தேய்த்தால் தோல் வழுக்குமே தவிர வளராது. மாத்திரைகளில் பெட்டியில் பெயர் போடாத மருந்தையெல்லாம் கலக்கிறார்களாம், இரத்தக் கொதிப்புக்கோ நெஞ்சுவலிக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் போட்டால் சுருண்டு விழலாம். நீங்கள் கொதிப்புக்குச் சாப்பிடுகிறீர்கள். பம்ப் வைத்தால் இரத்தம் ஏறிக் கொஞ்ச நேரம் வீங்கித் தெரியும், பிறகு பழையபடி ஆகிவிடும். அளவுக்கு மீறி இழுத்தால் உள்ளே இரத்தக் குழாய் வெடித்துக் கன்றிப் போகும். கட்டி இழுக்கிற கருவியைக் குறி வளைந்துபோன நோயாளிகளுக்கு டாக்டர்களே மாதக்கணக்கில் கொடுப்பது உண்டாம், அதில் கிடைப்பதும் சொற்பம்தான். அறுவை சிகிச்சை என்றால், எலும்போடு பிடித்து வைத்திருக்கிற நாரை வெட்டிவிடுவார்கள். தொங்கும்போது நீளமாகத் தெரியும், ஆனால் எழும்பும்போது பிடிப்பு இல்லாமல் ஆடும். வடு இறுகினால் முன்பைவிடக் குறைந்தும் போகுமாம்.

எல்லாவற்றிலும் மோசம் ஊசி என்றார். சிலிக்கோன், எண்ணெய், வாசலின் என்று கையில் கிடைப்பதை ஏற்றுகிறார்களாம். ஏற்றிவிட்டால் உறிஞ்சி வெளியே எடுக்க வழியில்லை, தோலோடு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “இதுக்காக எங்கிட்ட வர்ற ஆம்பளைங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் அளவு சரியாத்தான் இருக்கும்மா. மேலேருந்து குனிஞ்சு பாத்தா யாருக்கும் குட்டையாத்தான் தெரியும்.”

என் தரப்பில் ஒரு குறையும் இல்லை. நான் நெருங்கும்போதெல்லாம் நீங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். யார் என்ன சொன்னார்கள் உங்களை? எனக்குச் சொல்லக் கூடாதா?

லீவுக்கு வருவதற்குள் வேறு எதையும் செய்துகொள்ள மாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

உங்கள் பதிலைப் பார்த்தபடி,
உங்களவள்.



அன்புள்ள என்னங்க,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை.

உங்கள் அறையில் இருக்கிற வெல்டர் அண்ணன் எனக்குப் போன் செய்தார். முதலில் சுற்றி வளைத்தார். பிறகு, “தங்கச்சி, நீ என்னைத் தப்பா நெனச்சாலும் சரி, சொல்லாம இருக்க மனசு கேக்கல” என்று உடைத்துவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள். இந்தக் கடிதத்தையும் அவர் போனுக்குத்தான் அனுப்புகிறேன், உங்கள் போன் அணைந்தே கிடக்கிறதே.

நான் முதல் கடிதம் அனுப்பியபோதே ஊசி போட்டாகிவிட்டது என்கிறார். அதனால்தான் பதில் இல்லை. படித்தீர்கள், ‘எல்லாவற்றிலும் மோசம் ஊசி’ என்ற வரியையும் படித்தீர்கள், படித்துவிட்டு உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் குடியிருப்பில் கம்பவுண்டர் என்று கூப்பிடுகிறார்களே, அந்த ஆள் மருந்துக் கடையில் அட்டைப் பெட்டி அடுக்கியவராம். மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் வைத்து, ஏதோ எண்ணெயைச் சூடாக்கி ஏற்றினாராம். முதலில் தடித்துத் தெரிந்ததும் நீங்கள் சந்தோஷப்பட்டீர்களாம். இப்போது கல் மாதிரி இறுகி, தோல் கறுத்து, நாற்றம் வருகிறது, குளிர் காய்ச்சல் வேறு என்று வெல்டர் அண்ணன் சொன்னார். இந்த நிலைமையில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “கம்பெனிக்குத் தெரிஞ்சா மானம் போயிடும், கம்பவுண்டரே கீறி விடறேன்னு சொல்லியிருக்காரு” என்கிறீர்களாம்.

அந்த ஆளின் கை இனி உங்கள் மேல் படக் கூடாது.

முதலாளியிடம் கூடச் சொல்லாமல் கடையை விட்டுக் கிளம்பி டாக்டர் வீட்டுக்கே ஓடினேன். இந்தத் தடவை தோழி என்று சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கறுத்திருந்தால் சதை அழுகத் தொடங்கிவிட்டது, காய்ச்சல் என்றால் விஷம் இரத்தத்தில் ஏறுகிறது, விட்டால் உறுப்பு மட்டுமில்லை, உயிரே போய்விடலாம் என்றார். “பிழியக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது, மிச்ச மீதி மாத்திரை எதையும் முழுங்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்க. என்ன ஏத்தினாங்கன்னு மறைக்காம சொல்லச் சொல்லுங்க. அவங்க இதையெல்லாம் நிறையப் பாத்தவங்க, சிரிக்க மாட்டாங்க” என்றார்.

கேட்டீர்களா? சிரிக்க மாட்டார்கள்.

மானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அத்தை கூடத்தில் உட்கார்ந்து, நீங்கள் வந்தால் எந்தக் கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் நான் எதைச் சொல்லட்டும்? பெட்டியில் வருகிற பிள்ளைக்கு மானம் இருந்து என்ன, இல்லாமல் என்ன?

போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வெல்டர் அண்ணன் வாடகை வண்டியோடு கீழே நிற்பார். இதைப் படித்து முடித்ததும் இறங்கிப் போங்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டீர்கள் என்று அவர் எனக்குச் சொல்லாவிட்டால், உங்கள் சூப்பர்வைசருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்வேன். எண் என்னிடம் இருக்கிறது. வெறும் மிரட்டல் என்று எண்ண வேண்டாம். என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு என்னைத் தெரியும்.

எழுந்திருங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்களவள்.



அன்புள்ள என்னங்க,

கட்டிலில் சாய்ந்து உட்காருகிறீர்கள், கஞ்சி இறங்குகிறது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று வெல்டர் அண்ணன் சொன்னார். கேட்டபோதுதான் எனக்கும் வயிற்றில் பசி என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

நீங்கள் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டீர்கள், நான் சொன்னபடி செய்துவிட்டேன். சூப்பர்வைசர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. “ரூம் எந்த மாடிம்மா?” என்பதோடு சரி. தாழ்ப்பாளை உடைத்துத் தூக்கிப் போனது அவர் அனுப்பிய ஆட்கள்தான். ஊரறியச் செய்துவிட்டாள் என்று சொன்னீர்களாம். மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கே இப்படி ஒன்று நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

அங்கத்திய டாக்டர் எழுதிய குறிப்பை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். எண்ணெய் கட்டிய சதையையும் கெட்டுப்போன தோலையும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சிறுநீர் போகிற வழி பத்திரமாக இருக்கிறது, உணர்ச்சியும் இருக்கிறது என்றார். மற்றதெல்லாம் பழையபடி ஆகுமா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். “ஆகலாம். ஆகும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். ஆறட்டும், பாக்கலாம்” என்றார். இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நீங்கள் ஏன் இதில் இறங்கினீர்கள் என்று வெல்டர் அண்ணன்தான் சொன்னார். குளியலறை வரிசையில் எவனோ ஒருவன் உங்களுக்கு ‘அரை டிக்கெட்’ என்று பெயர் வைத்தானாம். சாப்பாட்டு மேசையிலும் வேலையிடத்திலும் அதே பெயராம். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்களாம். பகலெல்லாம் சிரித்துவிட்டுப் போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டே கிடப்பீர்களாம். அந்தப் பெயரை வைத்தவன் உங்களோடு குளித்தவன். வாழ்ந்தவள் நான். அவன் சொன்னதை நம்பினீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் என்றால் அது ஒன்றுக்குத்தான்.

அந்தக் கம்பவுண்டர் ஓடிவிட்டாராம். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இன்னும் சிலர் அங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களாமே. அவர்களைக் கூப்பிட்டு கட்டுப்போட்ட காயத்தை ஒரு தடவை காட்டுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி போனைப் பார்த்தபடி இருப்பாள்.

அடுத்து, நேற்று அனுப்பிய குரல்செய்தி. “இனிமே நான் ஒனக்கு எதுக்கு? நீ ஒங்க அம்மா வீட்டுக்குப் போ. வேற வாழ்க்கை அமைஞ்சா பாத்துக்க. நான் அங்க வரல.” பலமுறை போட்டுக் கேட்டேன். குரல் நடுங்குவதைக் கேட்பதற்காகத்தான் அத்தனை முறையும்.

எதுக்கு என்றா கேட்கிறீர்கள்? ஜுரத்தில் நான் கிடந்தபோது என் தலையை உங்கள் மடியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்தபடியே தூங்கினீர்களே, அது எதுக்கு? சின்னவள் பிறந்த அன்று நர்ஸ் கையிலிருந்து அவளை வாங்கத் தெரியாமல் வாங்கி, அவளையும் என்னையும் அழவைத்தீர்களே, அந்த ஆள் எனக்கு வேண்டும். நீங்கள் கொடுக்கிற ஒன்றை வாங்கிக்கொள்ளவா நான் இத்தனை நாள் இங்கே உட்கார்ந்திருந்தேன்? எனக்கும் ஆசை உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆசைக்கு ஒரு முகம் உண்டு. அது உங்கள் முகம். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

மருத்துவ லீவும் டிக்கெட்டும் சூப்பர்வைசர் போட்டுக் கொடுத்துவிட்டார். வெல்டர் அண்ணன் விமான நிலையம் வரை வந்து ஏற்றிவிடுவார். அத்தையிடம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அதையே சொல்லுங்கள். உள்ளறையைக் கழுவிவிட்டு, துவைத்த விரிப்பு போட்டிருக்கிறேன். சின்னவள் பாட்டியோடு படுத்துக்கொள்வாள். கட்டு மாற்ற டாக்டரிடம் கற்றுக்கொண்டுவிட்டேன். முதல் நாள் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள், மூடிக்கொள்ளுங்கள். நான் மூடிக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் நீடூழி வாழ வேண்டும், நோயில்லாமல் இருக்க வேண்டும். வந்து கதவைத் தட்டுங்கள், போதும். மற்றது எதுவும் எனக்குப் பெரிசில்லை.

என்றும்,
உங்களவள்.