கார்போக அரிசி

மார்ச் 12, வியாழன்
ஏழு மணிக்கே வெயில் சுடுகிறது. நந்தினிக்கு வலது காதின் கீழே, கழுத்தில், ஒரு ரூபாய் அளவு வெள்ளை. போன மாதம் மிளகளவுதான். வெண்புள்ளி என்றே மனம் சொல்கிறது. அவளிடம் தேமல் என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது வயது மகளிடம் வேறென்ன சொல்வது. இவரிடமும் சொல்லவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

மார்ச் 13
தெற்கு வாசல், நாட்டு மருந்துக் கடை. கார்போக அரிசி ஐம்பது கிராம். கறுப்பு விதை, நெடி.
“யாருக்கும்மா?”
“எனக்குத்தான்.”
“எண்ணெயில காய்ச்சித் தடவுங்க, நிறம் திரும்பும். அஞ்சு நிமிஷம் இளவெயில், உடனே கழுவிடணும். மேல போனா சுட்டுடும்.”
காய்ச்சி வடிகட்டியாயிற்று. பாதி மேடையில் சிந்திவிட்டது.

மார்ச் 14, சனி
மொட்டை மாடி. தடவிவிட்டேன்.
“தேமலுக்கு எதுக்கும்மா வெயில்?”
“வெயில் பட்டா சீக்கிரம் போயிடும்.”
ஐந்து நிமிடம். கழுவினேன்.
மூன்று முறை பார்த்தேன். கொஞ்சம் பெரிதானதுபோல. இல்லை.

மார்ச் 15
கல்லூரித் தோழிகளோடு முக்கொம்பு அணைக்குப் போனாள். மாலை வந்தபோது கழுத்து சிவந்து, நெல்லிக்காய் அளவில் கொப்புளம்.
“நீதானேம்மா வெயில் பட்டா சீக்கிரம் போகும்னு சொன்ன? நானே ரெண்டு தடவை தடவிக்கிட்டுப் போனேன்.”
சுடும் என்று நான் சொல்லவே இல்லை. சொன்னால், என்ன மருந்து, எதற்கு என்று கேட்பாளே.

மார்ச் 16, திங்கள்
புத்தூர். தோல் டாக்டர், என் வயதுப் பெண்மணி.
“நிறத்தைத் தூண்டுற விதைதான். வெயிலோட சேர்ந்தா தோலையும் பொசுக்கிடும். இத வீட்டுல செய்யக் கூடாதும்மா. தேமல்னு யார் சொன்னாங்க? இது வெண்புள்ளி.” பரவுமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாதாம்.
ஆட்டோ காவிரிப் பாலம் ஏறும்போதுதான் நந்தினி பேசினாள்.
“உனக்குத் தெரியும்ல?”
“தெரியும்.”
“பயம் எனக்காகவா, ஊருக்காகவா?”
பர்ஸில் ஆட்டோவுக்குச் சில்லறை தேடினேன். இரண்டுக்கும்தான்.

மார்ச் 18
களிம்பு, பஞ்சு வாங்க வேண்டும். மாலை இவரிடம் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது?
கொப்புளம் வற்றுகிறது. சுற்றிலும் கறுத்திருக்கிறது, நடுவில் வெள்ளை அப்படியே. கல்லூரிக்குக் கிளம்பியவளிடம் துப்பட்டாவை நீட்டினேன், கழுத்தில் சுற்றிக்கொள்ள.
“புண்ணுல உரசும்மா.”
முடியைத் தூக்கிக் கிளிப் போட்டுக்கொண்டாள். பால்கனியில் நின்று பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு மாமி அவள் கழுத்தருகே குனிந்து ஏதோ கேட்டாள். நந்தினி சாவகாசமாகப் பதில் சொன்னாள். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.
மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.