வடகத் துணியில் விழுந்த நிழல்

பிப். 8, ஞாயிறு
காலையில் நல்ல பனி. பூசை முடிந்ததும் ஜோவும் நானும் பைக்கில் ஆவூர்ப் பக்கம், ஸ்டெல்லா அக்காவின் மனையைப் போட்டோ எடுக்க. அவர் குவைத்தில் நர்ஸ். எங்கள் ஆபீசுக்கு வந்த முதல் மாடி வீடு. பிளான் போடுவது என் வீட்டுக்காரர் ஜோ. அதைக் கம்ப்யூட்டரில் கட்டி, மனை போட்டோவில் நிஜம்போலப் பொருத்துவது இனி என் வேலையாம். கற்றுக்கொண்டிருக்கிறேன்.
மனைக்கு மேற்கே லூர்து அக்காவின் ஓட்டு வீடு. வடகம் போட்டு விற்கிறார். வாசலில் வெள்ளைத் துணி விரித்துக் காயப்போட்டிருந்தார். மோர் கொடுத்தார். ஜோ இரண்டு டம்ளர்.

பிப். 9, திங்கள்
போட்டோவோடு ஒட்டவே இல்லை. வீடு தரையில் நிற்காமல் மிதக்கிறது. ஜோ எட்டிப் பார்த்து, எப்போது பறக்கும் என்று கேட்டார். அவர் காபி போட்டுக் கொடுக்கும்வரை நான் பேசவில்லை.
பக்கத்து வீட்டையும் துணியையும் அழித்துவிட்டுப் புல்வெளி வைக்கச் சொன்னார். வைத்தேன். இன்னும் மோசம். வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்கக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

பிப். 11, புதன்
மதியம்வரை கரண்ட் இல்லை. போர்வைகள் துவைத்தேன்.
பிறகு லூர்து அக்கா வீட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் சுவரில் முருங்கை நிழல் சாய்ந்த பக்கமே என் வீட்டின் நிழலையும் சாய்த்தேன். கறுப்பைக் குறைத்து, துளி நீலம். சுவரடியில் செம்மண் தூசி. வீடு நின்றுவிட்டது! ஜோ பார்த்தார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.
மாடியின் நிழல் சரியாக வடகத் துணி மேல். அப்படியே அனுப்பிவிட்டேன்.

பிப். 12, வியாழன்
ஸ்டெல்லா அக்கா போன்.
"அந்த நெழல் சும்மா போட்டதா, நெசமாவே விழுமா?"
"காலையில விழும்க்கா."
"அம்மாவுக்கு முடியாமப் போனப்ப எங்க வீட்டுக்கும் சேத்துச் சோறாக்குனது லூர்து அக்காதான். அவங்க வெயில நான் மறைக்கக் கூடாது. மாடிய அங்கிட்டுத் தள்ளிருங்க."
ஜோவிடம் சொன்னேன். படிக்கட்டு, தூண் எல்லாம் மாறும். ஞாயிறு ஃபாதர் வந்து அடிக்கல் மந்திரிப்பது வேறு. அந்த நிழலை ஏன் விட்டாய் என்றார். நான் விடவில்லை, சூரியன் விட்டது என்றேன். தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். இன்றைக்கு ரசம் நன்றாக வந்திருந்தது. அவர் சொல்லவில்லை.

பிப். 14, சனி
எழுந்தபோது ஜோ இல்லை. வெயில் ஏறுவதைப் பார்க்க மனைக்கே போயிருக்கிறார். வந்து வரைய உட்கார்ந்தவர் மதியம்வரை எழவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.
"இப்பப் போட்டுப் பாரு. அவங்களுக்கு வெயில் வருதா?"
பிளான் விஷயத்தில் என்னைக் கேட்பது இதுதான் முதல் தடவை. திரையில் சூரியனை மெதுவாக ஏற்றிக் காட்டினேன். நிழல் வேலியோடு நின்றது. துணி முழுக்க வெயில்.
வியாழக்கிழமை ரசம் நன்றாக இருந்தது என்றார். இப்போது.

பிப். 15, ஞாயிறு
மந்திரிப்பு முடிந்தது. புதுப் படத்தைப் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தோம். ஜோ முதலில் லூர்து அக்காவிடம் நீட்டி, என் வீட்டுக்காரி செஞ்சது என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.
அக்கா மாடி வீட்டைப் பார்க்கவே இல்லை. தன் வீட்டு ஓட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றார்.
"எங்க வீடு இம்புட்டு லெட்சணமாவா இருக்கு? எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடும்மா."
அவர் வீட்டை மட்டும் தனியாகப் பெரிதாக்கித் தரவா என்று கேட்டேன். யோசித்தார்.
"வேணாம். பக்கத்துல ஸ்டெல்லா வீடும் இருக்கட்டும்."