நீலக் கதிரின் கணக்கு

மார்ச் 4
காலை முழுவதும் அலமாரியோடு மல்லுக்கட்டு. லென்ஸ் தொழிற்சாலையிலிருந்து போன் வந்ததுதான் காரணம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. என் நம்பரை இன்னும் வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த வடிவமைப்புப் பெண் பேசினாள். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரித் தொலைநோக்கிக்கு நாங்கள் செய்த லென்ஸ் பழுது பார்க்க வந்திருக்கிறதாம். ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகளைப் பிரிக்கும்போது ஒன்றின் விளிம்பு உடைந்துவிட்டது. புதிதாகச் செய்ய வளைவுக் கணக்கு வேண்டும்.
"ஆபீஸ்ல ஒரு தாள்கூட இல்ல மேடம். உங்ககிட்ட பழைய நோட்டு ஏதாவது இருக்குமா?"
இருக்கும். நான் எதைத்தான் தூக்கிப் போட்டேன்?

மார்ச் 5
கிடைத்துவிட்டது. பச்சை அட்டை. கரப்பான் ஓரங்களைப் படித்து முடித்திருக்கிறது.
திறக்கும் முன்பே கணக்கு அறை கண்முன் வந்து நின்றது. ஆறு மேசை, மடக்கை அட்டவணை, கைப்பிடி சுற்றும் கணக்கு யந்திரத்தின் கடகட. எனக்கு இருபத்திரண்டு வயது. அங்கே வேலை வாங்கித் தந்தவன் அண்ணன். என்னைவிட நாலு வயது மூத்தவன்.
ஒற்றைக் கண்ணாடி நீலத்தை அதிகமாக வளைக்கும், சிவப்பைக் குறைவாக. நீலம் முந்திக் குவியும், சிவப்பு தள்ளிப் போய்க் குவியும். நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா விளிம்பு கட்டிவிடும். அதற்காகத்தான் பின்னால், வேறு வகைக் கனத்த கண்ணாடியில் குழிவாக இன்னொன்றை ஒட்டுவோம். முதலாவது பிரித்துவிட்ட நிறங்களை அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சேர்க்கும். ஒளி குவிவதை மட்டும் முழுக்கக் கெடுக்காது. வளைவுகள் சரியாக அமைந்தால் சிவப்பும் நீலமும் ஒரே புள்ளியில் வந்து விழும். விழுகிறதா என்று கதிர் கதிராகக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கதிருக்கு அரை நாள். அண்ணன் சிவப்பு, நான் நீலம்.
"என் நீலம் வந்து உக்காந்தாச்சு, உன் சிவப்பு எங்க ஊர் சுத்துது?" என்பேன்.
"பெரிய மனுஷன் நிதானமாத்தான் வருவார்" என்பான். அறையே சிரிக்கும்.
அந்த ஏழு மாதம் மாதிரி ஒரு காலம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

மார்ச் 6
ஏழு மாதம் என்று எழுதிவிட்டேன். எட்டாவது மாதம்?
லென்ஸ் தயாராகிச் சோதனைக்குப் போனது. நட்சத்திரத்தைச் சுற்றி அதே ஊதா வளையம். கணக்கில் கடைசிக் கையெழுத்து அண்ணனுடையது. அறையின் தலைவர் – நாங்கள் 'பெரியவர்' என்போம் – எல்லோர் முன்னாலும், "கூட்டத் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை?" என்றார். அண்ணன் வாதாடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போனான்.
பெரியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே போட்டார். அவர் கண்ட வளைவுகளை மட்டும் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எங்கள் கணக்கை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் வேறு ஊருக்குப் போய் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தான். நான் வேலையில் இருந்தேன்.

மார்ச் 7
தாளில் 1.6321. நான் எழுதியிருப்பது 1.6312.

மார்ச் 8
கண்ணாடி வார்த்து அனுப்பிய கம்பெனியின் தாள் நோட்டுக்குள்ளேயே மடித்துக் கிடந்தது. கனத்த கண்ணாடி நீலத்தை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண் அது. கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறிவிட்டன. கையெழுத்து என்னுடையது, சந்தேகமே இல்லை. நான் கொடுத்த எண்ணை நம்பித்தான் அண்ணன் வளைவுகளை அமைத்தான், கையெழுத்தும் போட்டான்.
அன்றே ஏன் பார்க்கவில்லை? நேரமில்லையா? – பொய். நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து துணிக்கு அடியில் போட்டவள் யார்? பயம்டி உனக்கு. பயம்.
சொல்லாவிட்டால் இனி யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 11
நோட்டை அந்தப் பெண்ணிடம் காட்டி நகல் எடுக்கச் சொன்னேன். எந்த எண் தப்பு, யார் எழுதியது என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
"இத்தன வருஷம் கழிச்சு இது எதுக்கு மேடம்?"
"கணக்குன்னா கணக்கும்மா."
வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணனுக்குப் போன் செய்யத்தான் கை வரவில்லை.

மார்ச் 13
செய்தேன். அண்ணிதான் எடுத்தாள். வழக்கம்போல் கேலி: "உங்க அண்ணன் ஒரு பவரை மூணு தடவ எழுதி, வந்தவங்களையும் படிச்சுக் காட்டச் சொல்றார். கடைக்கு வர்றவங்க பள்ளிக்கூடம்னு நெனச்சு ஓடுறாங்க." எப்போதும் சிரிப்பேன். இன்று முடியவில்லை.
அவன் வந்ததும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.
"நிஜமாவா?"
"ஆமாண்ணா. தாள் இங்கயே இருக்கு."
"முப்பத்தெட்டு வருஷம்டி. என் கையையே நான் நம்பல."
வைத்துவிட்டான்.

மார்ச் 19
அண்ணன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 27
அண்ணி பேசினாள். "கடையத் திறக்கிறார், சாத்துறார். வாயே திறக்கல. கொஞ்சம் விட்டுப் பிடிங்க."
விட்டுப் பிடிக்க அது என்ன, கயிறா?

ஏப்ரல் 5
கதவைத் திறந்தால் அண்ணன். கையில் ஒரு பை.
"அந்த நோட்டை எடு."
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். கால்குலேட்டர் கொடுத்தேன்; ஒதுக்கி வைத்தான். மடக்கை அட்டவணை கேட்டான். நல்லவேளை, அதையும் நான் தூக்கிப் போடவில்லை.

ஏப்ரல் 6
இன்றும் நாள் முழுக்க எண்கள். தண்ணீர் வைத்தால் குடிக்கிறான், தட்டு வைத்தால் சாப்பிடுகிறான். சாயங்காலம் பென்சிலைக் கீழே வைத்தான்.
"என் கூட்டல் எல்லாம் சரிதான்" என்றான். சொல்லும்போது குரல் உடைந்தது. அவன் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.
"அன்னைக்கே பார்த்திருந்தா சொல்லியிருப்பியா?"
"தெரியலண்ணா. சத்தியமா தெரியல."
"ம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொய் சொல்லாம இருந்தியே, அது வரைக்கும் சரி. நானும் அந்தத் தாளை ஒரு தடவ வாங்கிப் பார்த்திருக்கலாம். தங்கச்சி எழுதினதுதானேன்னு விட்டுட்டேன்."
கோபம் போய்விட்டது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 7
மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தான். நாலு மணி பஸ், மூன்றரைக்கு எழுப்பு என்றான்.
இப்போது மணி நாலரை. குறட்டை சமையலறை வரை கேட்கிறது. நாளைக்குத்தான் வருவான் என்று அண்ணிக்குச் சொல்லிவிட்டேன்.