யாருடைய பாக்கெட் என்று கேட்டவளுக்கு

இன்று மதியம் லேப்பைக் காலி செய்தோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலேயே வேறு கட்டடத்துக்கு மாறுகிறோம். சோதனைக் கைப்பேசிகள் கிடந்த பிளாஸ்டிக் தட்டை எடுத்தபோது, ஒன்றின் முதுகில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு தெரிந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று எரிச்சல்பட்டு நீ வைத்த அடையாளம். பழைய சாமான் பெட்டியில் போடச் சொன்னார்கள். போட்டேன். அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டி வருவாய். நெரிசலில் சிக்கிய நாளில், முதல் கோப்பி உள்ளே போகும்வரை உன்னிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. நமக்குக் கொடுத்தது கைப்பேசிகளை இணையத்தோடு சேர்க்கும் கேட்வே மென்பொருள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் டவரிலிருந்து கேட்வே வரை ஒரு டன்னல், தனிப்பாதை மாதிரி. அந்த டன்னலுக்கு ஓர் எண். துண்டு துண்டாக வந்து விழும் தரவுப் பாக்கெட் ஒவ்வொன்றின் மேலுறையிலும் உள்ள எண்ணைப் பார்த்து, இன்னாருடையது என்று அறிந்து, உறையைக் கழற்றி இணையத்துக்கு அனுப்ப வேண்டும். உன் அம்மா என்ன வேலை என்று கேட்டதற்கு, "போஸ்ட் ஆபீஸ்ல கடுதாசி பிரிக்கிற மாதிரிதாம்மா. என்ன, மூச்சு விட நேரம் கிடைக்காது" என்று சொன்னாயாம்.

அந்தப் பொட்டு வைத்த கைப்பேசியில்தான் எல்லாம் தொடங்கியது.

"டேய், இங்க வா. இந்த போன் சும்மா கிடக்குது. டேட்டா மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. இது யாரோட பாக்கெட்?"

நான் கணக்கிடும் பகுதியில் கோளாறு என்றேன். நீ நம்பவில்லை. இரண்டு நாள் தோண்டிக் கண்டுபிடித்தாய். ஒரு கைப்பேசியின் இணைப்பு அறுந்ததும், அதன் டன்னல் எண்ணை நம் மென்பொருள் அடுத்து வருகிற கைப்பேசிக்கு உடனே கொடுத்துவிடுகிறது. பழைய இணைப்பு போனது டவருக்குத் தெரிவதற்குள், மிச்சப் பாக்கெட்டுகளை அது அதே எண்ணில் அனுப்பிவிடுகிறது. அவை புதியவரின் கணக்கில் ஏறுகின்றன. காலியான எண்ணைக் கொஞ்ச நேரம் யாருக்கும் கொடுக்கக் கூடாது. பாக்கெட்டின் உள்ளே இருக்கும் முகவரியும் அந்த எண்ணுக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் நீயே எழுதிச் சேர்த்தாய்.

நம் குழுத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் செக் வச்சா ஸ்பீடு விழும்மா. கஸ்டமர் கம்பெனிகிட்ட ஸ்பீடு சொல்லியாச்சு. இது லேப்ல மட்டும்தானே வருது" என்றார்.

"லேப்ல வந்தா வெளியிலயும் வரும் லா, அண்ணே. எடுக்காதீங்க."

"ரிலீஸ் முடியட்டும். அடுத்ததுல பார்க்கலாம்."

கூட்டத்தில் எல்லாரும் இருந்தோம். நீ குரலை உயர்த்தினாய், நானும் உனக்காகப் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வயிற்று வலி என்று லீவு எடுத்தாய். என்ன நோய் என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது கை குச்சியாகியிருந்தது. நான் உடம்பைப் பற்றிக் கேட்க, நீ ரிலீஸைப் பற்றிக் கேட்டாய். செக் இல்லாமலே போய்விட்டது என்றேன்.

"அப்ப யாரோ ஒரு ஆளுக்கு டேட்டா காணாமப் போகும். போன் பண்ணிக் கேட்டா, நீங்கதான் யூஸ் பண்ணீங்கன்னு சொல்லுவாங்க. அந்த ஆளு எப்படிடா நிரூபிப்பாரு?"

நீ போன பிறகு, நீ சொன்னபடியே புகார்கள் வந்தன. புகார் செய்தவர்களுக்கும் முதலில் நீ சொன்ன அதே பதில்தான் கிடைத்தது. புகார்கள் நிறைய ஆன பிறகுதான் கைப்பேசி நிறுவனத்தார் நம்மிடம் கேட்டார்கள். விளக்கக் கூட்டத்தில் தலைவர் திரையில் ஒரு வரி காட்டினார்: 'இந்தப் பகுதியை எழுதியவர் தற்போது பணியில் இல்லை.'

நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, அந்த வரிய எடுங்க. அவ செத்துட்டா. செக் வேணும்னு சண்டை போட்டவ அவதான். வேணாம்னு சொன்னது நீங்க."

"நான் யார் மேலயும் பழி போடல, தம்பி. உள்ளதத்தான் எழுதினேன்."

"உள்ளதுன்னா முழுசா எழுதுங்க."

முழுசாக எழுதவில்லை. அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு, 'வடிவமைப்புக் குறைபாடு' என்று போட்டார்கள். யார் வடிவமைத்தது, யார் மாற்றச் சொன்னது, ஒன்றும் இல்லை. உன் இரண்டு மாற்றங்களையும் திரும்பச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். வேகம் குறைந்தது, ஆனால் யாரும் கவனிக்காத அளவுக்கு. இதற்காகவா உன்னிடம் அத்தனை மல்லுக்கட்டினார்கள் என்று நினைத்தபோது, மேசையை விட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் "எல்லாம் சரியாயிடுச்சில்ல, விடு" என்றார்கள். மென்பொருள்தான் சரியானது.

நீ இருந்திருந்தால் உனக்கும் வேறு வேலை, வேறு சண்டை என்று ஆகியிருக்கும். இதை எப்போதோ மறந்திருப்பாய். என்னால் முடியவில்லை. நேற்று வேறொரு செக்கை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். ஏன் என்றார்கள். முன்பெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நேற்று உன் செக்கின் கதையை முதலிலிருந்து கடைசிவரை, உன்னைப் போலவே குரலை உயர்த்திச் சொன்னேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் மடிக்கணினியை மூடினார். நான் நிறுத்தவில்லை.