சுவரில் இருந்த நம்பர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மணலி பக்கத்துக் காற்று, வாயைத் திறந்தால் கெரசின் ருசி. மேப்பை ஏற்றியாச்சு. மதியம் 2.10.

எட்டு மாத வேலை. மேப்பின் பேர் ‘கழிமுகம்’. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், ஆன்லைனில் பாம் வைத்துச் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. அதற்கு மேப், அதாவது ஆடுகிற களம், செய்து அனுப்ப ஆடுகிறவர்களுக்கே போட்டி. பத்து நாள் எல்லாரும் ஆடிப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். முதலில் வருவது நிஜ விளையாட்டுக்குள் போகும், செய்தவன் பேரோடு. எனக்கு வேண்டியது அந்தப் பேர்தான். 27 வயது. இதுவரை என் பேர் அச்சில் வந்தது ரேஷன் கார்டில் மட்டும்தான்.

சந்து எங்கே வளையணும், எங்கே ஒளியலாம், எங்கே சாகலாம், எல்லாம் தீனா போட்டது. காலேஜ் தோஸ்து. சுவர், கதவு, படகு மேலே ஒட்டுகிற படமெல்லாம் நான். காத்திவாக்கத்தில் அவன் வீடு இருக்கிற சந்து முழுவதையும் போட்டோ எடுத்து அப்படியே வைத்திருக்கிறோம். நடுவில் அவன் அக்கா கலா வீட்டுச் சுவர். நீலப் பெயிண்டில் ‘இறால் சுத்தம் செய்து கிடைக்கும்’, கீழே அக்காவின் போன் நம்பர்.

“மாமு, அந்த நம்பரை மட்டும் அழிச்சுடு” என்றான் தீனா போன வாரம். சரி என்றேன். அழிக்கவில்லை. மறதி இல்லை. துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் நான் சர்வேயர். நசுங்கல், ஓட்டை, துரு எல்லாவற்றையும் போட்டோ எடுப்பது வேலை. எடுத்த போட்டோவில் கை வைக்கக் கூடாது என்று ஆறு வருஷப் பழக்கம். அழித்துப் பார்த்தேன், சுவர் பொய்யாகத் தெரிந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

வாங்க: பிளேடு, கொசுவத்தி, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

58-வது இடம். முன்னாடி இருப்பதில் பாதி ஜப்பான் கோயில். ஜென்மத்தில் ஜப்பானைப் பார்க்காதவனுங்க செய்தது.

நம் மேப்புக்குக் கீழே வந்த கமென்ட்டுகள்: ‘குப்பத்தை எல்லாம் மேப்னு போடறானுங்க.’ ‘நாத்தம் ஸ்கிரீன் வரைக்கும் வருது.’ இரண்டையும் தீனாவுக்கு அனுப்பினேன். அவன் மனசு கஷ்டப்படும் என்று தெரியும், அதற்காகத்தான் அனுப்பினேன். நான் மட்டும் ஏன் படிக்கணும்.

யார்டில் சூப்பர்வைசருக்கு மூலம். நின்றுகொண்டே கையெழுத்துப் போடுகிறார். கொஞ்சம் இதமாக இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பத்து நிமிஷ மழை. அப்புறம் முன்னைவிடப் புழுக்கம்.

சேலம்காரன் ஒருத்தன், ஆடுவதை லைவாகக் காட்டுகிறவன், நம் மேப்பில் ஆடினான். ஆட்டத்தில் செத்துப்போய்ச் சும்மா சுவரைப் பார்த்தவன், நம்பர் நிஜமா என்று கூப்பிட்டே விட்டான். ஸ்பீக்கரில் கலா அக்கா.

“அல்லோ, எறாலா? எத்தினி கிலோ ஓணும் நைனா?”

“அக்கா, உங்க வீட்டு வாசல்ல பாம் வெச்சிருக்கேன்.”

“இன்னாது? யாரு பேசறது?”

“இன்னும் அஞ்சு செகண்டுதான்கா.”

உள்ளே திரும்பி அக்கா கத்தியது நன்றாகக் கேட்டது. “அத்தே, எந்திரி, வெளிய வா, வெளிய வா.” அவங்க மாமியார் படுத்த படுக்கை. தூக்குவதற்கு ஆள் வேண்டும்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். இங்கே எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்.

சாயங்காலம் 19-வது இடம்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று முழுக்க அந்த வீடியோதான் சுற்றியது. இப்போது மேப்பில் சாகிறவன் எல்லாம் அந்த நம்பரைக் கூப்பிடுகிறான். அக்காவை யார் அதிக நேரம் பேச வைக்கிறார்கள் என்று பந்தயம். 4-வது இடம்.

தீனா போன் செய்தான். பிறந்தநாள் விருந்துக்குப் பன்னிரண்டு கிலோ என்று எவனோ ஆர்டர் கொடுத்திருக்கிறான், மாத்தூரில் ஒரு அபார்ட்மென்ட் பேரும் வீட்டு நம்பரும் சொல்லி. அக்கா காலையெல்லாம் உட்கார்ந்து உரித்து, ஐஸ் போட்டு, ஆட்டோவில் கொண்டு போயிருக்கிறார்கள். அந்த நம்பரில் அங்கே வீடே கிடையாது. வாட்ச்மேன் சிரித்தானாம்.

“இறால் என்ன ஆச்சு?”

“தெருவுல எல்லாருக்கும் குட்த்துச்சு.”

நமக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

2-வது இடம். தீனா நேரில் வந்தான். அம்மா டீ கொடுத்தாள், தொடவில்லை.

“அழிச்சுடறேன்னு சொன்னியே மாமு.”

“பழைய ஃபைல் ஏறிடுச்சு போல.”

“இப்ப எடு.”

“ஃபைல் மாறினா ஓட்டெல்லாம் சைபர். ரூல்ஸ்ல இருக்கு.”

“சைபர் ஆவட்டும். போன் அடிச்சாலே அக்கா பதறிப்போவுதுடா. எடுக்காமயும் இருக்க முடியல. எது நெஜ ஆர்டருன்னு அதுக்கு இன்னா தெரியும்? அந்த நம்பர்தான்டா அதுக்குக் கடை.”

ஓட்டு முடிய இன்னும் இரண்டு நாள். இரண்டே நாள்.

அவன் முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து, ‘பாரு, புதுசு ஏறுது’ என்று காட்டினேன். ஸ்கிரீனில் ஓடிய பட்டை, அம்மாவுக்காக நான் இறக்கிக்கொண்டிருந்த சீரியலுடையது. கிட்டே வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வரவில்லை. “தேங்க்ஸ் மாமு” என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அவன் மேல்தான் எரிச்சல் வந்தது. இவ்வளவு சுலபமாக நம்புகிறவனை என்ன செய்ய.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஓட்டு முடிந்தது. முதல் இடம்.

யார்டு கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். இவ்வளவு சந்தோஷம் என் உடம்புக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

தீனாவைக் கூப்பிட்டேன்.

“நம்பர் இன்னும் கீது. ஆடிப் பார்த்தேன்” என்றான். “எம் பேர எடுத்துடு.”

எடுத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து மெயில். வாழ்த்து, பாராட்டு, இத்யாதி. ஒரே ஒரு திருத்தம்: சுவரில் உள்ள போன் நம்பர் உண்மையானது என்றால் மாற்றிவிடவும். ஓட்டு முடிந்ததால் ஃபைலை மாற்றலாமாம்.

மாற்றினேன். நாலு நிமிஷம் ஆச்சு. சுவர் பொய்யாகவெல்லாம் தெரியவில்லை.

அம்மாவுக்கு மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

காத்திவாக்கம் போனேன். தீனா எல்லாம் சொல்லியிருப்பான். போகாவிட்டால் பயந்தவன் ஆகிவிடுவேன். உண்மையில் பயம்தான்.

வாசலில் அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் தீனா உள்ளே போய்விட்டான். திட்டினால் சொல்ல நாலைந்து பதில்களை வரும் வழியிலேயே தயார் செய்திருந்தேன். திட்டவில்லை.

“கெலிச்சியா?”

“ஆமாக்கா.”

“சரி.”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனிலிருந்து ஊக்கால் சிம்மை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்கள்.

“நான் புச்சு நம்பரு வாங்கிட்டேன். மாத்தூரு, மணலி ஆளுங்கோ இதுலதான் கூப்டுவாங்கோ. போன்ல பேரு போட்டு வெக்கல்லாம் எனக்குத் தெரியாது, அவுங்கள எங்க போயி தேடறது? நீ எடுத்து புச்சு நம்பரச் சொல்லு. ஒரு மாசம்.”

“வர்ற கால் எல்லாத்தையும் எடுக்கணுமாக்கா?”

“நான் எடுத்தேன்ல.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்ல வெயில். சிம்மைப் பழைய போனில் போட்டேன்.

9.05 பாம்.
9.07 பாம்.
9.20 வெறும் மூச்சு.
9.26 இரண்டு பெண்கள், சிரிப்பு.
9.31 என் அம்மாவைப் பற்றி. அம்மா அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
9.40 தொடங்கி ஒரே ஆள் ஏழு தடவை.

10.40 நிஜ ஆள். மாத்தூர், வயசான குரல். “கலாம்மா இல்லையா? எப்ப கூப்பிட்டாலும் லைன் கிடைக்கலையே, நல்லா இருக்காங்களா?” புது நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். “நீங்க அவங்க தம்பியா?” ஆமாம் என்றேன். “அக்காவுக்கு ஒத்தாசையா இருக்கீங்க, நல்லா இருங்க.” வைத்துவிட்டேன்.

11.10 யார்டிலிருந்து ஒருத்தன் வீடியோ அனுப்பினான். காலையில் நான் பேசியதை எவனோ பதிவு செய்து போட்டிருக்கிறான். தலைப்பு ‘இறால்காரி புருஷன்’. குரலை வைத்து யார்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் வரைக்கும் போய்விட்டதாம்.

11.25 சிம்மைக் கழற்றி இரண்டாக ஒடித்துச் சாக்கடையில் போட்டேன். அக்கா கேட்டால், அந்த மாத்தூர்க்காரர் ஒருத்தரைத் தவிர யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லணும்.