கடைசி வரிசை இங்கிலீஷ்

மார்ச் 4, செவ்வாய்

கதவு மறுபடியும் தானாகப் பூட்டிக்கொண்டது. நான் வெளியே, சாவி உள்ளே, காலில் குளியலறைச் செருப்பு. இது இரண்டாம் தடவை. மகள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். "உங்களுக்கு மறதி வந்துடுச்சுப்பா" என்றாள். மறதியா, எனக்கா? மார்க்கெட்டில் நான் தூக்கிய முதல் மூட்டை உளுந்து. வாயைப் பச்சை நூலால் தைத்திருந்தார்கள். இடது ஓரத்தில் எலி கடித்த ஓட்டை. அறுபத்திரண்டு வருஷம் ஆகிறது. மறதி எனக்கில்லை, அவசரம் அந்தக் கதவுக்கு.

தீர்ப்பு வந்துவிட்டது: இனி அவள் வகுப்புக்குப் போகும்போது நானும் கூடப் போகவேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்த ஊர்ப் பாஷை தெரியாது, தமிழிலேயே எழுதப் படிக்கத் தெரியாது. இதை எழுதுவதும் நானில்லை, ஃபோன். பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசினால்தான் அதற்குப் புரிகிறது. அதனால் என் சொந்தக் கதையைச் செய்தியாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதி வைத்திருக்கிறதோ, சரிபார்க்க எனக்கு வழியில்லை.

மார்ச் 6, வியாழன்

நகராட்சிக் கட்டடம், இரண்டாவது மாடி, காலை பத்து மணி. சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடுகிறது. மாணவர்கள் ஒன்பது பேர், எல்லாரும் வயசானவர்கள். நடு வரிசையில் ரொட்டிக் கடைக்காரர், புருவத்தில் மாவு. ஜன்னல் ஓரம் பஸ் ஓட்டுகிற அம்மா. முதல் வரிசையில் ரிட்டயர் ஆன போலீஸ்காரர். பதில் சொல்ல எழுந்தால் தொப்பியை மாட்டிக்கொண்டு சொல்வார், உட்காரும்போது கழற்றுவார். மகள் கேள்வி கேட்டால் எல்லாரும் முதலில் அவரைப் பார்க்கிறார்கள். அவர் தலையாட்டினால்தான் வாயைத் திறக்கிறார்கள்.

இதைவிடக் கூத்து ஒன்று. 'நான் சொல்றதை எல்லாம் திருப்பிச் சொல்லுங்க' என்று முதல் நாள் மகள் சொன்னாளாம். எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லவில்லை. அவள் தும்மினாள், ஒன்பது பேரும் தும்மினார்கள். சாக்பீஸ் விழுந்து "அய்யோ" என்றாள். ஒன்பது அய்யோ. அதையெல்லாம் கேட்டுக்கொண்டே கடைசி வரிசையில் கண்ணயர்ந்துவிட்டேன்.

"அப்பா, தூங்காதீங்க!"

"அப்பா, தூங்காதீங்க!" என்றது வகுப்பு.

இத்தனை மரியாதையாக என்னை யாரும் எழுப்பியதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இடைவேளையில் எல்லாரும் காபி மெஷினை விட்டுவிட்டு என் நாற்காலிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் ரொட்டிக்காரர். "ஹவ் ஆர் யூ?" என்றார். இது ஒன்று எனக்குத் தெரியும், மகள் தினமும் கத்துகிறாளே. நலமா என்று கேட்கிறார். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா? "ஏதோ ஓடுது" என்றேன். அவர் கண் மூடி, "ஏதோ ஓடுது" என்றார். பின்னால் நின்றவர்கள் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

பஸ் அம்மா வண்டி ஓட்டுவது போலவும் ஜனங்கள் இடிப்பது போலவும் நடித்துக் காட்டினாள். இதற்கு என்ன சொல்வது என்று கேட்கிறாள். "எறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்றேன். நாலே தடவையில் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி. நம்ம பாஷை மேல் இவர்களுக்கு இத்தனை ஆசையா? நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மகளிடம் சொல்லவில்லை, ஒருநாள் கேட்டு அசந்து போகட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். மாசக் கடைசியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. இருபத்தேழாம் தேதி மேலதிகாரி அம்மா வகுப்பில் வந்து உட்காருவாராம். அவர் எழுதுவதை வைத்துத்தான் இன்னும் இரண்டு வருஷமா, இல்லை மூட்டை கட்டுவதா என்று முடிவு. இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்து கிடைத்த இடம் இது. நம்ம ஊருக்குத் திரும்பிப் போனால் அவளுக்கு ஒன்றும் காத்திருக்கவில்லை. "பிள்ளைங்க பேசினா போதும்பா" என்றாள். பிள்ளைங்களாம். போலீஸ்காரருக்கு வயசு அறுபத்தாறு.

மார்ச் 13, வியாழன்

இன்று சொல்லிக்கொடுத்தவை: மூட்டு வலி எப்படி இருக்கு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மழை வர மாதிரி இருக்கு. ரொட்டிக்காரருக்கு மட்டும் 'ழ' வரவில்லை. பரவாயில்லை, எங்கள் மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு வராது.

மார்ச் 18, செவ்வாய்

ரொட்டிக்காரர் எனக்கு ஒரு ரொட்டி கொண்டுவந்தார். என் மகளுக்குக் கொண்டுவரவில்லை. கொஞ்சம் சங்கடம்தான். சாப்பிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

குடி முழுகிப் போச்சு.

இன்று மகள் ஒத்திகை வைத்தாள். போலீஸ்காரரைப் பார்த்து "ஹவ் ஆர் யூ?" என்றாள். அவர் எழுந்தார். தொப்பியை மாட்டினார். "ஏதோ ஓடுதுங்க" என்றார். "ங்க" நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, எங்கிருந்து பிடித்தாரோ! மகள் முகம் வெளுத்துவிட்டது. அடுத்தவரைக் கேட்டாள். ஏதோ ஓடுது. அதற்கடுத்தவர். ஏதோ ஓடுது. ஒன்பது பேருக்கும் ஏதோ ஓடியது.

யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர்கள் பாஷையில் கேட்டாள். ஒன்பது விரலும் என் பக்கம் நீண்டன.

அவர்கள் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, எனக்குச் சொன்னாள். நான் பேசுவதும் இங்கிலீஷ்தான் என்று நினைத்திருக்கிறார்கள்! டீச்சர் சொல்லிக்கொடுப்பது புத்தக இங்கிலீஷ், கடைசி வரிசைப் பெரியவர் சொல்லிக்கொடுப்பது தெரு இங்கிலீஷ். பேச்சுப் பழக்கத்துக்கென்றே டீச்சர் தன் அப்பாவைக் கூட்டி வந்திருக்கிறார் என்று கணக்கு. பெரியவர் இங்கிலீஷ் நாக்கில் சுலபமாக வருகிறது என்று பாராட்டு வேறு. பஸ் அம்மா ஒரு வாரமாக வண்டியில் ஏறுகிற வெளிநாட்டுக்காரர்களிடம் "எறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்று கத்தியிருக்கிறாள்.

"அவங்க என்ன பண்ணாங்களாம்?" என்று கேட்டேன்.

"வழி விட்டாங்களாம்!" என்று சொல்லிவிட்டு அழுதாள். நடுவில் சிரித்தாள். மறுபடி அழுதாள். "எனக்கு இருக்கறது இன்னும் ஒரு வாரம்பா. எப்படிப்பா சரி பண்ணுவேன்?"

வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே, கிழவா.

மார்ச் 21, வெள்ளி

பேசவில்லை. கதவிடம்கூட.

மார்ச் 25, செவ்வாய்

வகுப்புக்கு நான் போகவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு அவள் மட்டும் போனாள். மத்தியானம் திரும்பி வந்து பையை நாற்காலியில் எறிந்தாள். நான் பேசியது வேறு பாஷை என்று அவர்களிடம் விளக்கிவிட்டாளாம். ஒன்பது பேரும் வாயைத் திறக்கவில்லையாம். என் காலி நாற்காலியையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம்.

"ஏதோ செத்த வீடு மாதிரி இருக்குப்பா. வியாழக்கிழமை வந்துடுங்க. ஆனா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசினீங்க..."

"இருமலாமா?"

"இருமுங்க. தமிழ்ல இருமாதீங்க."

மார்ச் 27, வியாழன்

வந்தார் மேலதிகாரி அம்மா. நல்ல உயரம், சாம்பல் நிறக் கோட்டு, கையில் தடிமனான ஃபைல். மகள் அவரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டி, "வெரி குட்" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

மகள் போலீஸ்காரரைக் கேட்டாள். "ஹவ் ஆர் யூ?" நேற்று சாயங்காலம்கூட அவருக்கு ஃபோன் பண்ணிச் சரியான பதிலை இருபது தடவை சொல்லவைத்திருந்தாள். அவர் எழுந்தார். தொப்பி கை தவறிக் கீழே விழுந்தது. தொப்பி போனதும் இங்கிலீஷும் போய்விட்டது.

"ஏதோ ஓடுதுங்க."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மேலதிகாரி அம்மா தலையாட்டினார், ஃபைலில் எழுதினார்.

அவ்வளவுதான், மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. மழை வர மாதிரி இருக்கு என்றார் ரொட்டிக்காரர், 'ழ' சுத்தமாக. பஸ் அம்மா திரும்பி, மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தே, "மூட்டு வலி எப்படி இருக்கு?" என்றாள். மேலதிகாரி அம்மா மூன்று மூச்சு விடுகிற நேரம் அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "வெரி குட்."

அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

மார்க்கெட்டில் முதலாளிகள் சீட்டு எழுதிக் கையில் கொடுப்பார்கள். வாங்கி, மூன்று மூச்சு நேரம் பார்ப்பேன். அதற்குக் குறைந்தால் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும், கூடினால் சந்தேகம் வரும். பிறகு மெதுவாகத் தலையாட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மூலை திரும்பியதும் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்வேன். நாற்பது வருஷம் ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை. இந்த அம்மா அதை என் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்கிறார்.

வீட்டில் மகளிடம் கேட்டேன். "அவங்க வந்ததும் இங்கிலீஷ்ல என்ன கேட்டே?"

"முன்னாடி உக்கார்றீங்களா, பின்னாடியான்னு கேட்டேன்."

"அதுக்கு அவங்க வெரி குட்டுன்னாங்க."

"அதனால?"

"அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, பாப்பா."

"உளறாதீங்கப்பா. இங்கிலீஷ் பிரிவுக்கே அவங்கதான் தலைமை."

மார்ச் 28, வெள்ளி

மகளுக்கு ராத்திரி தூக்கமில்லை. காலையில், "அது தமிழ்னு அவங்ககிட்டயே போய்ச் சொல்லிடறேன். பொய்யிலே வாங்கற வேலை எனக்கு வேண்டாம்" என்று கிளம்பினாள். தடுக்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். இந்த மாசம் நான் பேசினது போதும்.

திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஒப்புக்கொண்டாளாம். அந்த அம்மா மூன்று மூச்சு கேட்டுவிட்டுத் தலையாட்டி, "வெரி குட்" என்று கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டினாராம். இரண்டு வருஷம்.

"வாங்கிக்கிட்டியா?"

"இல்லப்பா. அவங்க பாஷையிலே எல்லாத்தையும் மறுபடி சொன்னேன்."

"அதுக்கு?"

"எழுந்து போய்க் கதவைச் சாத்தினாங்க." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதை ஒப்புக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் கிளறவில்லை. கடிதம் மட்டும் பையில் இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

மகள் சட்டம் போட்டுவிட்டாள். கரும்பலகைக்கு முன்னால் இங்கிலீஷ், காபி மெஷினுக்கு முன்னால் தமிழ். வகுப்பில் ஒன்பது பேரும் இப்போது 'ஐயாம் ஃபைன்'. மெஷினுக்கு முன்னால் வழக்கம்போல ஏதோ ஓடுகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேலதிகாரி அம்மா இன்றும் வந்தார், மேற்பார்வைக்கு. இது நாலாவது மேற்பார்வை. அதே சாம்பல் கோட்டு, என் பக்கத்து நாற்காலி. ஃபைல் இல்லை, ஒரு சின்ன நோட்டு, புதுசு. வகுப்பு திருப்பிச் சொல்லும்போது அவர் உதடும் அசைகிறது, சத்தம் வருவதில்லை.

மகள் கரும்பலகையில் நீளமாக ஒன்றை எழுதி, புரிகிறதா என்று கேட்டாள். பக்கத்தில் பார்த்தேன். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. தலை ஆட ஆரம்பித்தது.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கையைத் தூக்கினேன். பிறந்ததிலிருந்து ஒரு வகுப்பில் நான் கையைத் தூக்கியதில்லை.

"பாப்பா, புரியலை" என்றேன்.

பழைய பழக்கம் எங்கே போகும்? ஒன்பது பேரும், "பாப்பா, புரியலை" என்றார்கள்.

கொஞ்சம் தாமதமாக, என் இடது பக்கத்திலிருந்து, மெல்லிய குரலில் பத்தாவதாக ஒன்று வந்தது.

"பாப்பா, புரியலை."

மகள் கரும்பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.